ஊக்கமும் ஊழும்: குறள்வழி ஓர் ஆராய்ச்சி

'நேர்மறை எண்ணம்' என்னும் தொடர் தமிழிற் புதிது. மனத்தில் நல்லெண்ணத்தை நிரப்பிக்கொள்வோர் மிகுதியாக வினையாற்றுவர், வினையாற்றுவோர் செல்வம் எய்துவர் என்னும் கொள்கையை விரித்துரைக்கும் நூல்கள் மேலை நாட்டில் சென்ற நூற்றாண்டின் தொடக்கமுதல் பெருகின. 1952ஆம் ஆண்டில் அமெரிக்கச் சமயகுரு நார்மன் வின்சென்ட் பீல் எழுதிய நூல் அவற்றுள் மிகப் பரவியது. இக் கொள்கையைத் தமிழில் எடுத்துரைப்போர், பெரும்பாலும் திருக்குறளின் ஊக்கமுடைமை அதிகாரத்தைச் சான்றாகக் காட்டுவர். வள்ளுவர் கூறும் ஊக்கமும் இந்நாளில் கூறப்படும் நேர்மறை எண்ணமும் ஒன்றுதாமா என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட வினா. பொருள் ஒத்திருப்பதுபோலத் தோன்றும் இரு சொற்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிட்டால் பழஞ்சொல்லின் ஆழம் மறைந்துபோகும். ஆதலின் சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

ஊக்கு என்பது வினைப்பகுதி. ஊசலைத் தள்ளி ஆட்டுதலை ஊக்குதல் என்பது சங்கச் செய்யுள் வழக்கு. நின்ற ஒன்றை உந்தி இயக்குதலே இச்சொல்லின் முதற்பொருள். மனத்தின் எழுச்சிக்கு இது பெயரானபோதும் அவ் வியக்கப்பொருள் நீங்கவில்லை. ஊக்கமுடையான் என்றால் இன்பமான நினைவுகளில் திளைப்பவன் என்பது பொருளன்று. ஒரு வினையை நோக்கி உந்தப்பட்டவன் என்பதே பொருள். பரிமேலழகரும் ஊக்கமுடைமையை விளக்குங்கால், மனம் தளராது வினை செய்தற்கண் கிளர்ச்சியுடையதாதல் என்னும் கருத்துப்படவே உரைப்பர். அவ்வுரையிலிருந்து 'வினை' என்பதை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறுங் கிளர்ச்சியே.

இச்சொல்லின் தன்மையை அறிய ஊக்கமுடைமை அதிகாரத்தை மட்டும் படித்தல் போதாது. அவ்வாறு மட்டும் படிப்பதே பல பிழைகளுக்கு வித்து என்று கருதுகின்றோம். பொருட்பாலின் பிற அதிகாரங்களில் இச்சொல் வருமிடங்கள் வேறொரு முகத்தைக் காட்டுகின்றன. இறைமாட்சியில் (382) அரசனுக்குக் குறையாது இருக்கவேண்டிய நான்கனுள் ஒன்றாக ஊக்கம் எண்ணப்படுகின்றது, இதில் ஐயமொன்றுமில்லை. தெரிந்து செயல்வகையிலோ (463), வரும் ஊதியத்தைக் கருதிக் கைம்முதலை இழக்கும் வினையை அறிவுடையோர் ஊக்கமாட்டார் என்கிறார் ஆசிரியர். வலியறிதலில் (473) சொல் இன்னும் கடுமையாகின்றது. தம் வலிமையின் அளவை அறியாமல் மன எழுச்சி ஒன்றாலேயே வினையைத் தொடங்கி இடையே முறிந்தவர் பலர் என்பது அக் குறளின் கருத்து. அங்கே முறிவுக்குக் காரணமாக நிற்பது ஊக்கமின்மை அன்று, ஊக்கமே. அதே அதிகாரத்தின் 476ஆம் குறளில், மரக்கொம்பின் நுனிவரை ஏறியவன் அதனையும் கடந்து மேலே செல்ல ஊக்கினால் அஃது உயிருக்கு இறுதியாகும் என்கிறார். 'பலர்' என்று எண்ணிச் சொன்னமையால், இது வள்ளுவர் தம் காலத்து உலகியலில் கண்டறிந்ததாதல் வேண்டும்.

காலமறிதலில் வரும் 486ஆம் குறள் இவற்றினும் நுட்பமுடையது. ஊக்கமுடையவன் ஒடுங்கியிருப்பதை, போர்செய்யும் ஆட்டுக்கடா தாக்குதற்பொருட்டுப் பின்வாங்குதலோடு அது ஒப்பிடுகின்றது. செயலற்று இருத்தலும் ஊக்கத்தின் ஒரு நிலையாகலாம் என்பது இதனாற் பெறப்படும். ஓயாது ஓடிக்கொண்டிருப்பதே ஊக்கம் என்று எண்ணுவார்க்கு இவ்வுவமை விடையிறுக்கும். கடா பின்செல்லும் ஒவ்வோரடியும் முன்பாயும் விசைக்கு ஈட்டம். சோம்பலால் பின்னிடும் கடாவையும் இதனையும் புறத்தே நின்று பார்ப்பவன் வேறு பிரித்தறிதல் அரிது. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் ஓராண்டு முழுதும் ஒரு வரியும் எழுதாமல் ஏடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் அவரை எவ்வகையிற் சேர்ப்பது என்பது அவருடைய நெறியாளர்க்குத்தான் தெரியும்!

இனி, ஊக்கம் முற்றும் உள்ளிருந்தே பிறப்பதா, புறநிலைகளாலும் ஆக்கவும் அழிக்கவும் படுவதா என்னும் வினாவிற்கு இடனறிதலும் அரணும் விடை தருகின்றன. சிறுபடையுடையான் தனக்கேற்ற இடத்திற் சென்று சேர்ந்தால் பெரும்படையுடையானின் ஊக்கம் அழியும் (498). பகைவரின் ஊக்கத்தை அழிப்பதே அரணின் இலக்கணம் (744). ஊக்கம் நிலத்தாலும் மதிலாலும் அழியக்கூடியது என்று ஆசிரியரே கூறுவாராயின், மனத்தை மட்டும் திருத்திக்கொண்டால் புறவுலகம் தானே திருந்தும் என்பது அவர்தம் கொள்கையாதல் எங்ஙனம்?

இத்துணையும் நோக்கியபின் அறுபதாம் அதிகாரத்திற்கு வருவோம். அதனுள் ஊக்கம் என்னும் சொல் மூன்று குறள்களில் (591, 593, 594) மட்டுமே வருகின்றது. நான்கு குறள்களில் (592, 595, 598, 600) உள்ளம் என்னும் சொல்லே நிற்கின்றது. அவ்விடங்களில் உரையாசிரியர் ஊக்கம் என்றே பொருள்கொள்வர். மனத்தின் பெயரே மனவெழுச்சிக்கும் பெயராயிற்று. செல்வம் நில்லாது நீங்குவது, உள்ளமே நிலைத்த உடைமை என்னும் 592ஆம் குறளையும், செல்வம் இழந்தோமென்று ஊக்கமுடையார் வருந்தார் என்னும் 593ஆம் குறளையும் சேர்த்து நோக்குக. ஊக்கத்திற்குச் செல்வம் பயனாக வரலாம். 594ஆம் குறள் அவ்வாறே கூறுகின்றது. ஆயினும் அப் பயன் வாராதொழிந்தாலும், வந்தபின் போயினும், ஊக்கத்தின் மதிப்பு குறைவதில்லை. உயர்ந்ததையே எண்ணுக, அது கைகூடாவிடினும் கைகூடியது போன்றதே என்னும் 596ஆம் குறளும் இக் கருத்தினதே. அடையும் பொருளைக்கொண்டு எண்ணத்தை அளக்கும் இந்நாளைய நூல்களினின்று வள்ளுவம் பிரியும் இடம் இது.

நீரின் அளவே மலர்த்தண்டின் நீளம் என்னும் புகழ்பெற்ற உவமை (595) பற்றி ஒன்று கூறவேண்டும். தாமரை போன்ற நீர்ப்பூக்களின் தண்டு, குளத்தில் நீர் ஏறுந்தோறும் வளர்ந்து நீர்மட்டத்திற்கு மேலே தலைதூக்குகின்றது. இது கண்ணாற் காணும் உண்மை. அவ்வளர்ச்சி ஒரு நொடியில் நிகழ்வதன்று. வேர் சேற்றில் ஊன்றி நிற்றல் வேண்டும். உவமையை எடுத்தாளுவோர் நீரையும் மலரையும் மட்டும் பேசி, சேற்றையும் நாள்களையும் விட்டுவிடுகின்றனர்.

அதிகார வைப்பும் இதனையே வலியுறுத்துகின்றது. ஊக்கமுடைமைக்குப்பின் மடியின்மை, அதன்பின் ஆள்வினையுடைமை, அதன்பின் இடுக்கண் அழியாமை என நான்கும் தொடர்ந்து நிற்கின்றன. முதலாவது மனத்தின் எழுச்சி. ஆள்வினையைப் பரிமேலழகர் இடையறாத மெய்ம்முயற்சி, அஃதாவது உடம்பின் முயற்சி, என விளக்குவர். மனத்திற்கும் உடம்பிற்கும் நடுவே மடி நிற்கின்றது. எழுச்சி தோன்றிய மனமும் மடியால் வினையைத் தொடாது நிற்றல் கூடும் என்பதை அறிந்தே, ஊக்கத்தைப் பாடிய அளவில் அமையாது மடிக்கெனத் தனியதிகாரம் வகுத்தார் ஆசிரியர். தன் அதிகாரத்தில் ஊக்கம் மூன்றிடத்தே வர, மடி என்னும் சொல் தன் அதிகாரத்தின் பத்துக் குறளிலும் வருவது நோக்கத்தக்கது. காலந்தாழ்த்தல், மறதி, சோம்பல், உறக்கம் ஆகிய நான்கையும் கெடுவார் விரும்பி ஏறும் மரக்கலமாக 605ஆம் குறள் உருவகிப்பதாகப் பரிமேலழகர் கொள்வர். விரும்பி ஏறுதல் என்பதில்தான் மனவியல் அறிவு பொதிந்துள்ளது. காலந்தாழ்ப்பவன் துன்புறுத்தப்பட்டு அதனைச் செய்வதில்லை, இன்பமாகவே செய்கின்றான்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாட்டிற்குப் புறம்பாக வைத்து எண்ணப்படும் முப்பத்திரண்டனுள் மடிமை, இடுக்கண், பொச்சாப்பு, கையாறு, துஞ்சல் ஆகியன இடம்பெறுகின்றன. ஊக்கம் அப் பட்டியலில் இல்லை. தளர்ச்சியின் வகைகளைப் பழந்தமிழர் நுணுகிப் பகுத்துப் பெயரிட்டிருந்தனர் என்பதற்கு இது சான்று. வள்ளுவர் அப்பெயர்களை எடுத்துக்கொண்டு, பொச்சாவாமை, மடியின்மை, இடுக்கண் அழியாமை என எதிர்மறை வாய்பாட்டால் அதிகாரப் பெயராக்கினார். நல்லதை எண்ணுக என்பதினும், இன்ன தீமைக்கு இடங்கொடாதே என்பது அவருக்கு உவந்த முறை போலும்.

மற்றொன்று: மடியின்மை அதிகாரத்தில் ஆறு குறள்கள் (601, 602, 603, 604, 608, 609) குடியைப் பற்றியே பேசுகின்றன. ஒருவன் சோம்பினால் மங்குவது அவனுடைய குடிவிளக்கு. ஆள்வினையுடைமையிலும் அவ்வாறே. பிறர்க்கு உதவுதலின் பெருமிதம் முயற்சியில் தங்கியுள்ளது (613). இன்பத்தை விடுத்து வினையை விரும்புவான் சுற்றத்தின் துன்பம் துடைத்து அவரைத் தாங்கும் தூணாவான் (615). ஆக்கத்திறன் என்று இந்நாளிற் பேசப்படுவது ஒருவன் தனக்கெனச் சேர்க்கும் அளவையே குறிக்க, குறளில் அது கொடைக்கும் சுற்றத்திற்கும் உரிய கடனாக அமைகின்றது.

இனி இவ்வாராய்ச்சியின் கடினமான பகுதிக்கு வருகின்றோம். ஊழ் அதிகாரத்தின் முதற்குறள் (371), பொருள் ஆதற்குரிய ஊழால் அசைவின்மை தோன்றும், போதற்குரிய ஊழால் மடி தோன்றும் என்கிறது. இங்கு வரும் இரு சொற்களும் ஊக்கமுடைமை, மடியின்மை அதிகாரங்களின் சொற்களே. 594ஆம் குறளில் ஊக்கத்திற்கு அடையாக வருவதும் அசைவின்மையே. ஊக்கமும் மடியும் ஊழின் விளைவாயின், ஊக்கம் கொள்க, மடியை ஒழிக்க என்று அறிவுறுத்துவதால் என்ன பயன்? சோம்பல் உடையானும், "இஃது என் ஊழ்" என்று சொல்லிப் படுத்துக்கொள்ளலாமே!

620ஆம் குறளைக் காட்டி இம் முரணை எளிதில் தீர்ப்பவர் உளர். தளராது முயல்வார் ஊழையும் புறங்காண்பர் என்பது அதன் கருத்து. ஆனால் தளராமையே ஊழால் வருவதாயின் இவ்விடை வட்டமாகிவிடும். பரிமேலழகர் இதனை உணர்ந்தவராதல் வேண்டும். ஊழ் ஒருமுறை இருமுறை விலக்குமேயன்றிப் பலமுறை விலக்காது, ஆதலின் பலகால் முயல்வார் பயன் எய்துவர் என்னும் கருத்துப்பட அவர் உரை செல்கின்றது. இதன்படி ஊழ் என்பது இடையறாத சுவரன்று. அதன் ஆட்சிக்கும் எண்ணிக்கை உண்டு. இவ்விளக்கத்தை நாம் முழுதும் ஏற்கின்றோமில்லை; பன்முறை முயன்றும் தோற்றவரை உலகம் கண்டுள்ளது. எம் கருத்தில், 618ஆம் குறளே முரணைத் தீர்க்கும் திறவுகோல். நற்பேறு இன்மை யார்க்கும் பழியன்று. அறியவேண்டுவன அறிந்து முயலாமையே பழி என்கிறது அது. ஊழ் அதிகாரம் நிகழ்ந்ததற்குக் காரணம் கூறுகின்றது. ஆள்வினை அதிகாரம் செய்வானுக்குப் பழி எங்கே வரும் என்பதை வரையறுக்கின்றது. முன்னது திரும்பிப் பார்ப்பவன் நோக்கு, பின்னது வினைமுன் நிற்பவன் நோக்கு. வினைமுன் நிற்பவனுக்குத் தன் ஊழ் ஆகூழா போகூழா என்பது தெரியாது. தெரியாதபோது அதனைக் காரணங்காட்டி அவன் படுத்துக்கொள்ள இடமில்லை.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு வ. உ. சிதம்பரனாரின் வாழ்வு ஒன்றே போதும். 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பற் கழகத்தைத் தொடங்கிய அவர் 1908இல் சிறைப்பட்டார். கோவைச் சிறையிற் செக்கிழுத்தார். 1912ஆம் ஆண்டின் இறுதியில்தான் விடுதலை பெற்றார். அதற்குள் கப்பற் கழகம் இல்லாதொழிந்தது. சிறைக்காலத்தே, ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலன் 1903இல் வெளியிட்ட சிறுநூலை அவர் 'மனம்போல வாழ்வு' எனத் தமிழாக்க, அது 1909இல் வெளிவந்தது. மனவெழுச்சி நூல்கள் தமிழில் புகுந்த வரலாற்றில் இந்நூல் முன்வரிசையிலுள்ளது. ஒருவனுடைய எண்ணங்களே அவனுடைய நிலைமைகளை உருவாக்குகின்றன என்பது ஆலனின் கொள்கை. அதனை எழுத்துப்படி பொருத்தினால், செக்கிழுத்தவரின் நிலைமைக்கும் அவருடைய எண்ணமே காரணம் என்றாகிவிடும். தமிழறிந்தார் எவரும் அதற்கு உடன்படார்.

அதே சிதம்பரனார் 1917இல் அறத்துப்பாலுக்கு மணக்குடவருரையைப் பதிப்பித்தார். ஊழ் அதிகாரம் அப் பாலின் இறுதியில் நிற்பது. ஆலனையும் ஊழதிகாரத்தையும் ஒரே கை தொட்டதில் முரண் காண்பார் காணலாம். நமக்கோ, ஆலனின் நூலை அவர் வள்ளுவத்தின் கண்கொண்டு படித்திருத்தல் வேண்டும் என்றே தோன்றுகின்றது. மனம் வாழ்வை ஆக்கும் என்பதை அவர் ஏற்றது, தோற்றவரைப் பழித்தற்கு அன்று. சிறையிலும் வினையை விடாமைக்கு. தெய்வத்தால் கைகூடாதாயினும் முயற்சி தன் உடம்பு வருந்திய அளவிற்குக் கூலி தரும் என்பது 619ஆம் குறளின் கருத்து. அக் கூலி எது என்று உரைகள் விரித்துரைப்பதில்லை. சிதம்பரனார்க்குக் கப்பல்கள் மீளவில்லை. மொழிபெயர்ப்பு நூல்களும் மணக்குடவர் பதிப்பும் எஞ்சின.