முயலும் முதலாளியும்

விருதுநகரிலிருந்து சிவகாசி நோக்கிச் செல்லும் சாலையிலே, கரிசல் மண்ணும் கருவேல மரமும் சூழ்ந்து நிற்கும் ஊர் ஆமத்தூர். அங்கே சென்ற திங்கள் ஒரு படிப்பகத் திறப்பு விழா. பேசினோம். கேட்டனர். பேச்சு முடிந்ததும், கேள்வி உண்டா என்றோம். கடைசி வரிசையிலே ஒரு பெண் எழுந்தாள். கல்லூரியிலே படிப்பவள், தாயார் பயராபீசிலே தீக்குச்சிகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிலாளி.

"அண்ணே, நான் ரெண்டு வருசமா நனிசைவம். பால் இல்லை, தயிர் இல்லை, தேனும் இல்லை. முகத்துக்குப் பூசுறதுகூட மிருகத்தைத் துன்புறுத்தாத கம்பெனிச் சரக்குதான் வாங்குறேன். அந்தக் கம்பெனியை இப்போ ஒரு பெரிய கம்பெனி விலைக்கு வாங்கிருச்சு. இனிமே நான் அதை வாங்கலாமா, கூடாதா?"

கூட்டத்திலே சிலர் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. ஆனால், அதைவிடப் பெரிய தவறொன்றைச் செய்தோம். சற்றும் எண்ணாமல், "வாங்காதே தங்கச்சி! புலி பசுவின் தோலைப் போர்த்திக்கொண்டு வருகிறது. காசு கொடுத்தா அதை வீட்டுக்கு அழைப்பது?" என்றோம். கைதட்டல் எழுந்தது. கைதட்டல் எழுந்தால் கருத்து சரியென்று நம்பிவிடும் நோய் மேடையேறுவோர் அனைவருக்கும் உண்டு, நமக்கும் உண்டு.

கூட்டம் கலைந்து தேநீர்க் கடை வாசலில் நின்றபோது அந்தப் பெண்ணின் தாயார் வந்தார். "மொதலாளி மாறுனா என்ன தம்பி? எங்க பயராபீசுகூட ரெண்டு கை மாறிருச்சு. கூலி மாறுச்சா, வேலை மாறுச்சான்னு பாப்போம். அதக் கேக்காம வாங்காதேன்னுட்டீங்களே" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "ஒன் பூச்சுல ஆடு மாடு இல்லைங்கிற. நாங் கொண்டாற கூலியில வச்சிரம் இருக்கே தாயி" என்றார்.

அந்தச் சொல் நம்மைப் பேருந்திலும் விடவில்லை, வீட்டிலும் விடவில்லை. தீக்குச்சியின் தலையிலே இருக்கும் மருந்தைக் குச்சியோடு பிடித்து நிறுத்துவது வச்சிரம். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. விளக்கேற்றும் குச்சியிலும் விலங்கு இருக்கிறது! அந்தக் குச்சி தந்த கூலியிலேதான் மகள் கல்லூரிக்குச் செல்கிறாள். மேடையிலே நாம் கொடுத்த ஒரு வரி விடைக்குள் இந்த வாழ்க்கை அடங்குமா? அடங்காது. ஆகவேதான் எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. நனிசைவம் என்றதும் நம் தோழர்கள் சிலருக்குப் புருவம் நெரியும். சைவம் என்ற சொல் இந்நாட்டிலே நெடுங்காலம் சாதிச் செருக்கின் மறுபெயராக நடமாடிற்று. வெண்ணெயும் நெய்யும் வழிய வழிய உண்டுவிட்டு, மீன் தின்பவனைத் திண்ணைக்குக் கீழே நிறுத்திற்று. ஆமத்தூர்ப் பெண் சொல்வது அந்தச் சைவமல்ல. பசுவைத் தெய்வமென்று கூறி அதன் கன்றுக்குரிய பாலைக் கறக்கும் வேலை அவளிடம் இல்லை. எந்த உயிரையும் கருவியாக்காதே என்கிறாள். தட்டில் எது இருக்கிறதென்று பார்த்து ஆளின் தரத்தை அளக்கவில்லை. இதை ஒப்பலாம், ஒப்பாமலிருக்கலாம். ஏளனம் செய்ய இடமில்லை.

அன்றியும், வாங்குவோரின் கையிலே அறம் இருக்கிறது என்ற கருத்து மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்ததல்ல. தின்பதற்காக வாங்குவோர் இல்லையென்றால், விலைக்கு ஊன் விற்போரும் இருக்கமாட்டார் என்று வள்ளுவர் புலால் மறுத்தலிலே வாதிடுகிறார். சந்தையின் சூட்சுமத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பொருளாதாரப் பேராசிரியர் சொன்னார்? நம் இயக்கமும் அந்த வழியிலே நடந்ததுதான். 1953-ஆம் ஆண்டு, நெசவாளர் வீட்டிலே அடுப்பெரியாதிருந்த நாளில், அண்ணா திருச்சித் தெருக்களிலே கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார். எந்தத் துணியை வாங்குகிறாய் என்பதும் அரசியல்தான் என்று அன்றே கூறிய இயக்கத்தாரிடம், எந்தப் பூச்சை வாங்குவது என்று ஒரு பெண் கேட்டால், அதை அற்பக் கேள்வி என்று தள்ள முடியுமா?

இனி முயலின் கதைக்கு வருவோம். 1944-இல் அமெரிக்க அரசின் ஆய்வாளர் ஜான் டிரெய்ஸ் ஒரு சோதனை முறையை வகுத்தார். முயலைக் கழுத்தளவில் பலகையிலே மாட்டி, கண்ணிலே மருந்தையோ பூச்சையோ இட்டு, கண் சிவக்கிறதா, புண்ணாகிறதா, குருடாகிறதா என்று நாள்கணக்கில் பார்ப்பது. முயல் ஏன்? விலை மலிவு, சாது, மனிதனைப்போல் கண்ணீர் பெருக்கி இட்டதைக் கழுவிவிடாது. அழத் தெரியாத பிராணி என்பதாலேயே அதைத் தேர்ந்தெடுத்தார்களய்யா! மங்கையரின் இமைக்கு மைதீட்ட முயலின் விழி பலியாயிற்று.

இதை மாற்றியது யார்? ஹென்றி ஸ்பைரா என்ற ஒருவர். கப்பலிலே வேலை பார்த்தவர், தொழிற்சங்கத்திலே ஊறியவர், பின்னர்ப் பள்ளி ஆசிரியர். 1980 ஏப்ரலில், 'நியூயார்க் டைம்ஸ்' ஏட்டிலே முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டு, ரெவ்லான் என்ற ஒப்பனைப் பேரரசைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் ரெவ்லான் பணிந்தது. முயலுக்கு மாற்று வழி காணும் ஆராய்ச்சிக்கு 7,50,000 டாலர் கொடுத்தது. மற்றப் பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்பைரா தூய்மையான சிறு கடையைத் தேடி ஓடவில்லை. மலைபோன்ற நிறுவனத்தின் வாசலிலே போய் நின்று கதவைத் தட்டினார்.

பின்னர்ச் சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் விலங்குகள்மீது சோதிக்கப்பட்ட ஒப்பனைப் பொருள்களின் விற்பனைக்குக் கதவடைத்தது. இந்தியா 2014-இல் அத்தகைய சோதனையையும், அவ்வாறு சோதிக்கப்பட்ட சரக்கின் இறக்குமதியையும் தடை செய்தது. ஆகவே இங்கே செய்த பூச்சின் டப்பாவிலே துள்ளும் முயலின் படம் போட்டு, "நாங்கள் சோதிப்பதில்லை" என்று ஒரு நிறுவனம் பெருமை பேசினால், "நாங்கள் திருடுவதில்லை" என்று பலகை மாட்டும் கடைக்காரர் நம் நினைவுக்கு வருகிறார். சட்டம் செய்யச் சொன்னதைச் செய்துவிட்டு அதற்கும் விலை வைப்பது வாணிபத் திறமை, வேறென்ன? முயல் படம் இருப்பதாலேயே உள்ளே விலங்கு இல்லை என்றும் ஆகாது. உதட்டுச் சாயத்திலே கொச்சினீல் பூச்சியை நசுக்கி எடுத்த சிவப்பு இருக்கலாம், தேன்மெழுகு இருக்கலாம், ஆட்டு மயிரிலிருந்து எடுத்த கொழுப்பு இருக்கலாம். படத்தைப் பார்ப்பதோடு பட்டியலையும் படிக்க வேண்டும். அந்தப் பெண் படிக்கிறாள், நாம்தான் படித்ததில்லை.

சரி, சிறியது பெரியதின் வாய்க்குள் போனால்? உலகறிந்த கதை பாடி ஷாப்பினுடையது. 1976-இல் அனிதா ராடிக் என்ற அம்மையார் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரிலே தொடங்கிய சிறு கடை. விலங்குச் சோதனையை எதிர்த்தே பெயர் பெற்ற கடை. 2006-இல் பிரெஞ்சு நாட்டு லோரியால் அதனை ஏறத்தாழ 65 கோடி பவுனுக்கு வாங்கிற்று. லோரியாலின் பங்கிலே ஏறத்தாழக் கால்வாசி அந்நாளில் நெஸ்லேயிடம். அந்த நெஸ்லேயோ, தாய்ப்பாலுக்குப் போட்டியாகப் பால்மாவைப் பரப்பிற்று என்று 1977 முதல் புறக்கணிப்புக்கு ஆளான நிறுவனம். கொதித்தனர் கொள்கையாளர், புறக்கணிப்பு அறிவிக்கப்பட்டது. அம்மையாரோ, டிராய் நகரக் கோட்டைக்குள் மரக்குதிரை புகுந்ததுபோல் நாம் உள்ளே போய் அவர்களை மாற்றுவோம் என்ற பொருள்படப் பேசினார். அடுத்த ஆண்டே மறைந்தார். 2017-இல் பிரேசில் நாட்டு நட்டுராவிடம் கைமாறிற்று; 2023 கடைசியிலே ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் மாறிற்று; 2024 பிப்ரவரியில் பிரிட்டனில் திவாலாகிக் கடைகள் பல மூடின. குதிரை கோட்டையைப் பிடித்ததா? இல்லை. ஆனால் குதிரைக்குள் இருந்த கொள்கையைக் கோட்டைக்காரர் கொன்றார்களா என்றால், அதுவும் இல்லை. விலங்குச் சோதனை எதிர்ப்பு அந்தச் சரக்கோடு கைமாறிக் கைமாறி வந்தது. வேலையை இழந்தவர்கள்தாம் கணக்கில் சேராதவர்கள்.

நம் நாட்டிலும் இது நடந்துவிட்டது. செய்ப்பூரிலே 2020-இல் பிறந்த மினிமலிஸ்ட் என்ற பூச்சு நிறுவனம், கலவையில் என்ன இருக்கிறதென்று வெளிப்படையாக எழுதியே இளைஞரிடம் பெயர் வாங்கிற்று. 2025 சனவரியில் அதன் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பங்கை வாங்குவதாக இந்துஸ்தான் யூனிலீவர் அறிவித்தது. நிறுவனத்துக்கு இட்ட மதிப்பு ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய். இந்துஸ்தான் என்று முன்னால் இருந்தாலும் பெரும்பங்கு இலண்டன் யூனிலீவருடையது.

இந்த இடத்திலேதான் நமக்கு முயலைவிடக் கோடைக்கானல் நினைவுக்கு வருகிறது. 1980-களிலே, அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலையின் இயந்திரங்களைக் கொண்டுவந்து கோடைமலைமேல் நிறுவியது எந்த நிறுவனம் தெரியுமா? பாண்ட்ஸ்! ஆம், நம் வீட்டுப் பெண்கள் முகத்தில் ஒற்றிய பவுடரின் பாண்ட்ஸ்தான். பின்னர் பாண்ட்சோடு அந்த ஆலையும் யூனிலீவர் குடும்பத்துக்கு வந்தது. பாதரசத்தோடு புழங்கினர் மலைநாட்டுத் தொழிலாளர். 2001-இல், பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் ஊருக்குள் பழைய இரும்புக் கடையிலே குவிந்து கிடந்தது வெளிப்பட்டது, ஆலை மூடப்பட்டது. உடல் கெட்டது என்றனர் தொழிலாளர். எங்கள் ஆலையால் அல்ல என்றது நிறுவனம். 15 ஆண்டு போராடி, 2016-இல்தான் 591 முன்னாள் தொழிலாளருக்கு உடன்பாடு வந்தது. அதையும் மனிதாபிமான முறையில் தருகிறோம் என்றே நிறுவனம் சொல்லிற்று.

முயலின் கண்ணுக்கு இரங்கும் உள்ளம் கோடைத் தொழிலாளியின் நரம்புக்கும் இரங்க வேண்டாமா? பூச்சிலே மினுமினுக்கும் காக்காப்பொன் சார்கண்டின் கோடர்மா, கிரீடி பக்கத்துச் சுரங்கங்களிலே, சிறுபிள்ளைகளின் கையாலும் பொறுக்கப்பட்டு வந்தது என்பது உலகறிந்தது; அதன் வழியைச் சீர்செய்ய 2017-இல் நிறுவனங்கள் கூடித் தனி அமைப்பே தொடங்கும்படி ஆயிற்று. காக்காப்பொன் கனிமம், விலங்கின் சுவடே இல்லாதது, நனிசைவப் பட்டியலில் தாராளமாக இடம்பெறும்! பிள்ளைகளைத் தீப்பெட்டிக்குள் அடைத்த ஊர் என்று நெடுநாள் வசை கேட்ட சிவகாசிப் பக்கத்தாருக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் நாம் மேடையிலே சொன்ன "வாங்காதே" சரிதானே என்று கேட்கலாம். கையிலிருந்த தீப்பெட்டி குறுக்கே நின்றது. 1923-இல் சுவீடன் நாட்டு முதலாளிகள் விம்கோ என்ற பெயரில் இயந்திரத்தோடு வந்திறங்கியபோது, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த கைத்தொழிலால் சிவகாசி எதிர்த்து நின்றது. அந்த விம்கோவை 2005-இல் கல்கத்தாவின் சிகரெட்டு நிறுவனமான ஐ.டி.சி. வாங்கிற்று. அதற்கு முன்பிருந்தே ஐ.டி.சி. சிறு ஆலைகளில் தீப்பெட்டி செய்வித்துத் தன் பெயர் ஒட்டி விற்று வருகிறது. ஆக, தேநீர்க் கடையில் நாம் வாங்கும் பெட்டியின் பெயர் கல்கத்தாவினுடையதாக இருக்கலாம். உள்ளே குச்சி அடைத்த விரல் கரிசல் காட்டு விரலாக இருக்கலாம். பெயர்க்காரர் பெரியவர் என்று சீறி, பெட்டியை வீசினால், முதலில் அடி விழுவது யாருக்கு? பெயர்க்காரருக்கா, விரலுக்கா? வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று முழங்கியவர்கள் நாம். முழக்கம் தப்பல்ல. ஆனால், முழக்கத்தைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோகும்போது கணக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சிறியது என்பதனாலேயே ஒன்று நல்லதாகிவிடாது என்பதையும் சொல்லிவைப்போம். 2012 செப்டம்பரிலே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 உயிர் போயிற்றே, அது இலண்டன் நிறுவனமா? நம்மூர் ஆலைதான்.

ஆகவே, தங்கச்சி, நாம் அன்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறோம். அந்தப் பூச்சு உனக்குத் தேவையென்றால், கலவை மாறாதவரை, சோதனைக் கொள்கை மாறாதவரை, வாங்கு. பெரியவனுக்கு இலாபம் போகிறதே என்கிறாயா? போகிறது. மறைக்க வேண்டாம். ஆனால் நீ வாங்கும் சோப்பு, உன் அப்பா வாங்கும் பிளேடு, கடையிலே தொங்கும் ஷாம்பு உறை எல்லாமே பெரும்பாலும் அவர்களிடம் போகின்றன. அத்தனையையும் வாங்கிக்கொண்டு, நல்லதை மட்டும் ஒதுக்கினால், நல்லதற்குக் கிராக்கி இல்லை என்றுதான் அவர்கள் கணக்கு எழுதுவார்கள். அதே தரத்தில், தொழிலாளிக்கு நேரான கூலி கொடுக்கும் சிறு நிறுவனம் கிடைத்தால், அதை முதலில் வாங்கு. அதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வாயை மூடாதே. காக்காப்பொன் எங்கிருந்து வருகிறது, ஆலையிலே யார் வேலை செய்கிறார், என்ன கூலி என்று எழுதிக் கேள். ஒருத்தியாகக் கேட்டால் குப்பைக்குப் போகும்; கல்லூரி விடுதியே கையெழுத்திட்டால் யாராவது படிப்பர். வாக்கு மாறினார்களா, அன்று நிறுத்து. நிறுத்திவிட்டதை ஊரறியச் சொல். ரெவ்லானைப் பணிய வைத்தது வாங்காமை மட்டுமல்ல. பெயர் சொல்லிக் கேட்ட கேள்வியும்தான்.

வச்சிரத்துக்கு நம்மிடம் விடையில்லை. தாயின் கூலியைத் தள்ளச் சொல்லும் அறம் எதுவும் நமக்குத் தெரியாது. அந்தப் பெண்ணும் தள்ளவில்லை.

அடுத்த திங்கள் மீண்டும் ஆமத்தூர் செல்கிறோம். அதே படிப்பகம், அதே மேடை. முன்பு சொன்னது தவறு என்று அங்கேயே சொல்வதாக இருக்கிறோம். கைதட்டல் கிடைக்குமா என்பது ஐயம்தான். அந்தத் தாயாரை முன்வரிசையில் உட்காரச் சொல்லும்படி தோழர்களுக்கு எழுதியிருக்கிறோம்.