ஓடுபாதையின் எண்ணும் காற்றின் கணக்கும்

ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ விமானம் ஏறிய அனுபவம் உங்களுக்கு இருக்கலாம். வழியனுப்ப வந்தவர்களின் முகங்கள் இன்னும் கண்ணில் நிற்க, நாவில் பயண துஆ ஒலிக்க, விமானம் மெல்ல ஊர்ந்து ஓடுபாதையின் முனைக்கு வருகிறது. அங்கே தரையில் வெள்ளை வண்ணத்தில் மிகப் பெரிய இலக்கங்கள் தீட்டப்பட்டிருக்கும். சன்னலோரம் அமர்ந்தவர் கண்ணில் அவை பட்டிருக்கலாம். சென்னையின் முதன்மை ஓடுபாதையில் ஒரு முனையில் 07 என்றும், மறு முனையில் 25 என்றும் எழுதியிருக்கும். திருச்சியில் 09, 27. ஜித்தாவில் 16, 34.

இவை வரிசை எண்கள் அல்ல, திசை எண்கள். விமானி தம் மனத்துக்குள் செய்யும் ஒரு கணக்கு இந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் கணக்கில் நம் உயிரும் அடங்கியிருப்பதால், அதனை நாமும் சற்று அறிந்துகொள்வது நல்லது.

எண் சொல்லும் திசை

வடக்கிலிருந்து வலமாகச் சுற்றினால் ஒரு முழு வட்டம் 360 பாகை. கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. காந்த ஊசி காட்டும் இந்தப் பாகையைப் பத்துக்கு முழுமையாக்கி, கடைசிச் சுழியை நீக்கிவிட்டால் ஓடுபாதையின் எண் கிடைத்துவிடும். ஆகவே 25 என்ற எண்ணைக் கண்டதும் விமானி ஒரு சுழியைச் சேர்த்து, ‘250 பாகை, மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே சாய்ந்த திசை’ என்று அறிந்துகொள்கிறார்.

பூமியின் காந்தப் புலம் மெல்ல மெல்ல நகர்வதால் இந்த எண்களும் எப்போதாவது மாற்றி எழுதப்படுகின்றன. இங்கிலாந்தின் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் 05, 23 என்றிருந்தவை 2009ஆம் ஆண்டில் 04, 22 ஆயின. பாதை அசையவில்லை, ஊசி காட்டும் வடக்குத்தான் அசைந்தது.

ஒரு முனைக்கும் மறு முனைக்கும் உள்ள வேறுபாடு எப்போதும் 18. பரபரப்பான வேளையில் 18ஐக் கூட்டுவது எளிதன்று. எனவே விமானிகள் 20ஐக் கூட்டி 2ஐக் கழிக்கிறார்கள். 07உடன் 20 கூட்ட 27. இரண்டு போக 25. பெரிய எண்ணிலிருந்து தொடங்கினால் 20ஐக் கழித்து 2ஐக் கூட்ட வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள்கூட ஒரு நொடியில் செய்துவிடக் கூடிய கணக்கு இது.

காற்று வரும் திசை

அடுத்தது காற்று. விமானத்துறையில் காற்றுக்கு அது வந்த திசையையே பெயராகச் சொல்வார்கள். நமக்கு இது புதிதன்று. வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும் அழைத்த மொழியல்லவா நம்முடையது!

விமானம் இயன்றவரை காற்றை எதிர்த்தே இறங்க வேண்டும். இதன் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு விமானம் இறங்குகையில், தன்னைச் சூழ்ந்த காற்றில் அதற்கு 140 நாட் வேகம் தேவை என்று கொள்வோம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். எதிர்க்காற்று 10 நாட் வீசினால் தரையைத் தொடும்போது அதன் வேகம் 130 நாட்தான். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 150 நாட். வேறுபாடு 20தானே என்று எண்ணிவிடாதீர்கள். நிறுத்துவதற்கு அடக்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அவ்வாறு கணக்கிட்டால், முந்தியதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றலை அதே பாதையில் அடக்கியாக வேண்டும்.

கடிகார முகத்தில் ஒரு கணக்கு

காற்று நேர் எதிரே வருவது அரிது. பெரும்பாலும் சாய்வாகவே வரும். அதில் எவ்வளவு பக்கவாட்டில் தள்ளும்? இதற்கு விமானிகள் சுவர்க் கடிகாரத்தை நினைத்துக்கொள்கிறார்கள். பாதையின் திசைக்கும் காற்றின் திசைக்கும் உள்ள வேறுபாட்டை நிமிடங்களாகக் கொள்ளுங்கள். 15 நிமிடம் கால் மணி. எனவே காற்றில் கால் பங்கு. 30 என்றால் அரைப் பங்கு. 45 என்றால் முக்கால். 60உம் அதற்கு மேலும் என்றால் முழுக் காற்றும் பக்கக் காற்றே.

சென்னையின் 25ஆம் பாதையில் இறங்குகிறார் ஒரு விமானி. காற்று 280 பாகையிலிருந்து 20 நாட் வீசுவதாகக் கட்டுப்பாட்டு அறை அறிவிக்கிறது. வேறுபாடு 30, அரை மணி. ஆகவே பக்கக் காற்று 10 நாட். எதிர்க்காற்றை அறிய வேண்டுமானால் 90இலிருந்து 30ஐக் கழித்து, மீதி 60ஐ அதே கடிகாரத்தில் வைக்க வேண்டும். முழு மணி, 20 நாட். நுட்பமாகக் கணக்கிட்டால் இது 17க்குச் சற்று மேல்தான். பக்கக் காற்றைக் கூடுதலாக எண்ணிக்கொண்டால் எச்சரிக்கை மிகும். எதிர்க்காற்றைக் கூடுதலாக எண்ணிக்கொண்டாலோ அலட்சியம் மிகும். எனவே இந்த இரண்டாவது விடையை விமானி சற்றுக் குறைத்தே மதிப்பிட வேண்டும்.

வேறுபாடு 90 பாகையைத் தாண்டிவிட்டால் அது பின்காற்று. அப்போது ‘மறு முனையிலிருந்து வரலாமா?’ என்று சிந்தித்தாக வேண்டும்.

இந்தக் கடிகாரக் கணக்கின் வேர் நம் முன்னோரிடமும் உண்டு. கணிதத்தில் இதற்கு ‘சைன்’ என்று பெயர். இந்தியக் கணிதர்கள் ‘ஜ்யா’ என்றழைத்ததை அரபு அறிஞர்கள் ஏற்று வளர்த்தனர். அது அரபியில் ‘ஜைப்’ என்று வாசிக்கப்பட்டது. சட்டையின் மார்பு மடிப்பைக் குறிக்கும் அச்சொல்லை இலத்தீனில் ‘சைனஸ்’ என்று பெயர்த்தார்கள். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அபுல் வஃபா அல்பூஸ்ஜானி இதற்கு மிக நுட்பமான அட்டவணைகளை உருவாக்கினார். அல்பீரூனி இதே கணிதத்தைக் கொண்டு கஜ்னி நகரின் கிப்லாவைக் கணித்தார். தொழுகைக்காகத் திசை தேடியவர்கள் செப்பனிட்ட கருவி, இன்று வானத்தில் வழி காட்டுகிறது.

கோழிக்கோடு கற்பித்த பாடம்

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாளை நம்மில் பலர் மறந்திருக்க முடியாது. கொரோனா காலத்தில் துபாயிலிருந்து 190 பேருடன் வந்த விமானம் கோழிக்கோட்டில் மழையினூடே இறங்கியது. முதலில் 28ஆம் பாதைக்கு வந்து, இறங்காமல் மேலெழும்பி, பின்னர் மறு முனையான 10ஆம் பாதைக்குத் திரும்பியது. குன்றின் உச்சியைச் சமன் செய்து அமைத்த ஓடுபாதை அது. பின்னாலிருந்து ஏறத்தாழ 14 நாட் காற்று தள்ளிக்கொண்டிருந்தது. 8,858 அடி நீளப் பாதையில் 4,438 அடி கடந்த பின்னரே சக்கரங்கள் தரையைத் தொட்டன. தரை வேகம் 165 நாட். பாதை முடிந்தும் விமானம் நிற்கவில்லை. பள்ளத்தில் விழுந்து பிளந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 உயிர்கள் பிரிந்தன. பெருநாள் முடிந்த மறு வாரம், வாசலில் காத்திருந்த எத்தனை குடும்பங்களுக்கு மய்யித்துச் செய்தி வந்தது!

காற்று ஒன்றே காரணம் என்று விசாரணை அறிக்கை கூறவில்லை. நிலைப்படாத இறக்கத்தைக் கைவிட்டு மீண்டும் மேலெழாததையே அது முதன்மையாகச் சுட்டியது. ஆயினும் பின்காற்றும், ஈரமும், பாதையில் பாதி வீணானதும் ஒன்றாய்ச் சேர்ந்தபோது, மிஞ்சிய பாதை போதவில்லை.

இறங்குமுன்பே ‘இன்ன அளவுக்கு மேல் பின்காற்று என்றால் இறங்க மாட்டேன், இன்ன இடத்துக்குள் சக்கரம் தொடாவிட்டால் எழும்பிவிடுவேன்’ என்று எல்லை வகுத்துக்கொள்வதற்காகத்தான் இந்த மனக்கணக்குகள். நெருக்கடியில் பிந்திக் கிடைக்கும் துல்லியமான விடையைவிட, முன்கூட்டியே கையிலிருக்கும் தோராயமான விடை மேலானது. திரும்பிச் செல்லும் துணிவை அது தருகிறது. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்பது நாம் அறிந்த நபிவழியல்லவா? பிறர் உயிரை அமானிதமாக ஏற்றவருக்கு இந்தக் கணக்கே அந்தக் கயிறு.

பெற்றோரே! மனக்கணக்கைப் பழங்காலத்துச் சரக்கென்று ஒதுக்கிவிடாதீர்கள். இன்றிரவே பிள்ளைகளை அருகில் அமர்த்துங்கள். சென்னையிலிருந்து கிப்லா ஏறத்தாழ 288 பாகை. வீடு கட்டும்போது கழிப்பறையில் கிப்லாவை முன்னோக்கவோ பின்னோக்கவோ கூடாதென்று கொத்தனாரிடம் சொல்கிறோமே, அந்த நேர் பின்திசை எது என்று கேளுங்கள். 200ஐக் கழித்து 20ஐக் கூட்டுமாறு சொல்லிக் கொடுங்கள். காகிதமின்றி ‘108’ என்று பிள்ளை சொல்லும்போது, ஒரு விமானியின் முதற்பாடம் உங்கள் கூடத்தில் நிறைவேறியிருக்கும்.

பயணம் செய்வோர் அனைவரையும் அல்லாஹ் பத்திரமாகக் கரை சேர்ப்பானாக. அன்று மரித்தோரைப் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.