விமானியின் உறக்கம்

பிரிஞ்சாங் நகரில் பொழுது சாய்ந்ததும் குளிர் இறங்கிவிடும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூரின் விடுதிகளில் தங்குவோர், கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெயில் வரும்வரை உறங்குவார்கள். சமவெளியின் வெக்கைக்குத் தப்பி, நன்றாகத் தூங்குவதற்கென்றே மலையேறி வருகிறவர்களும் உண்டு. அவர்கள் காசு கொடுத்து வாங்குவது ஓய்வை.

பெரிய விமான நிலையங்களை அடுத்த விடுதிகளில் வேறொரு வகையினர் தங்குகின்றனர். பகல் பதினொரு மணிக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பார்கள். மாலையில் எழுந்து சீருடை மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்படுவார்கள். அறை வாடகையைக் கொடுப்பவர் முதலாளி. விமானிகளும் விமானச் சிப்பந்திகளுமாகிய இவர்களுக்கு உறக்கம் உல்லாசமன்று. அதுவும் வேலையின் ஒரு கூறேயாகும்.

முதலாளி கொடுத்த கூரையின்கீழ் உறங்குவது என்றால் என்ன என்பதைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. மலாயாத் தோட்டங்களில் லய வீடு என்பது கூலியோடு சேர்ந்தே வந்த விஷயம். இரவெல்லாம் கூரை ஒழுகினால், காலைப் பெரட்டுக்கு வருகிறவன் தூங்காத கண்ணோடுதான் வருவான். தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரங்களை விதிக்கும் மலேசியச் சட்டம் 1990-இல் இயற்றப்பட்டது. விமானியின் விடுதி அறையையும் இதே கண்கொண்டுதான் பார்க்கவேண்டும். தூங்காத தொழிலாளியின் கூடையில் கொழுந்து குறையும். தூங்காத விமானியின் பின்னாலோ நூற்றுக்கணக்கானோர் நம்பி உட்கார்ந்திருக்கின்றனர்.

ஆதியில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. 1932 அக்டோபர் 15-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டிவந்தார். அங்கிருந்து அதைச் சென்னைக்குக் கொண்டுசென்றவர் நெவில் வின்சென்ட். வழியில் பல்லாரியில் இரவு தங்கி, மறுநாள்தான் அவர் சென்னை சேர்ந்தார். இருட்டில் பறக்க வசதியில்லாத காலம் அது. பொழுது சாய்ந்தால் விமானமும் நின்றது, விமானியும் படுத்தான். இரவில் பறக்கும் வித்தை கைவந்த பிறகு இயந்திரத்துக்கு உறக்கம் தேவையில்லை என்றாகிவிட்டது. மனிதன் மட்டும் பழைய மனிதனாகவே இருக்கிறான்.

நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பின்னிரவு இரண்டு மணி முதல் ஆறு மணிவரை அது நம்மை மிகத் தாழ்ந்த நிலையில் வைத்திருக்கும். விழிப்பு, கணிப்பு, கைவேகம் யாவும் அப்போது மங்கும். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவிகிதம் மது ஏறியவனின் திறனுக்கு ஒப்பாகும் என்று 1997-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. கோலாலம்பூரிலிருந்து லண்டன் சென்ற விமானி, குளிர்காலத்தில் அங்கே இரவு பதினொரு மணிக்குப் படுக்கிறார் என்று கொள்வோம். அவர் உடலுக்கு அப்போது காலை ஏழு மணி! மெத்தை எவ்வளவு உயர்ந்ததாயினும் உறக்கம் எப்படி வரும்? உடற்கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரமே திருந்தும் என்பார்கள். அது திருந்துவதற்குள் அவர் திரும்பிவிடுவார்.

இதன் விலை என்ன என்பதை மங்களூர் காட்டியது. 2010 மே 22-ஆம் நாள் விடியற்காலை, துபாயிலிருந்து 166 பேரோடு வந்த விமானம் மேட்டுநிலத்து ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் மாண்டனர். எட்டுப் பேரே பிழைத்தனர். விமானிகள் முந்தின இரவு மங்களூரிலிருந்து புறப்பட்டு, துபாயில் தங்காமல் அப்படியே திரும்பியவர்கள். விமானத்தின் ஒலிப்பதிவுக் கருவியில் ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பேச்சே இல்லை. தலைமை விமானியின் குறட்டை ஒலிதான் பதிவாகியிருந்தது. இறங்கும் தருவாயில், மேலெழும்பிவிடலாம் என்று துணைவிமானி மூன்று முறை சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுந்தவனுக்குச் சிறிது நேரம் புத்தி தெளியாதிருக்கும் அந்த மயக்கத்தையும் விசாரணை நீதிமன்றம் ஒரு துணைக் காரணமாகக் குறித்தது. இத்தனைக்கும், பணிக்கு முன் போதிய ஓய்வு இருந்ததாகவே ஏடுகள் காட்டின! எத்தனை மணி நேரம் என்பதோடு, எந்த மணி நேரம் என்பதையும் கேட்கவேண்டும் போலும்.

இனி விடுதிக்கு வருவோம். ஐரோப்பிய விதிப்படி, வெளியூரில் தங்கும் விமானிக்குக் குறைந்தது பத்து மணி நேர ஓய்வு வேண்டும். முந்திய பணி அதைவிட நீண்டிருந்தால் ஓய்வும் அந்த அளவுக்கு நீளவேண்டும். அதற்குள் எட்டு மணி நேரம் உறங்குவதற்கென்றே ஒழிந்திருக்கவேண்டும். விடுதி ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போகவரவே இரண்டு மணி நேரம் கழிந்துவிடும். குளிக்கவும் உண்ணவும் உறக்கத்திலிருந்துதான் வெட்டவேண்டும். அப்படி வெட்டக்கூடாது என்பதால் ஓய்வை நீட்டியாக வேண்டும். ஆகவே தொலைவிலுள்ள மலிவான விடுதி கணக்கில் மலிவாக இருப்பதில்லை. அறையின் இலக்கணத்தையும் அவ்விதி சொல்கிறது: ஆளுக்கொரு தனியறை, அமைதியான சூழல், கட்டில், காற்றோட்டம், வெப்பத்தையும் வெளிச்சத்தையும் கூட்டிக்குறைக்கும் வசதி, உண்ணவும் பருகவும் வழி. தனியறை என்பது ஆடம்பரமன்று. இருவர் ஓர் அறையிலிருந்து, ஒருவர் நள்ளிரவிலும் மற்றவர் விடியலிலும் எழவேண்டியிருந்தால் இருவர் உறக்கமும் கெடும். விவரமறிந்த விடுதிக்காரர்கள் இவர்களுக்கு மின்தூக்கிக்கு அப்பால் அறை கொடுப்பார்கள். பகலில் துப்புரவுப் பணியாளர் கதவைத் தட்டாதபடி பார்த்துக்கொள்வார்கள்.

ஓய்வைக் கூட்டினால் ஆள் கூட்டவேண்டும், வழக்கெல்லாம் இங்குதான். இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம் 2024 ஜனவரியில் புது விதிகளை வெளியிட்டது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாயிற்று. இரவுப் பணிக் காலத்தில் தரையிறங்கல்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தன. நிறுவனங்கள் தவணை கேட்டன. தில்லி உயர்நீதிமன்றம்வரை விவகாரம் சென்று, 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இருகட்டமாக விதிகள் நடைமுறைக்கு வந்தன. டிசம்பர் தொடக்கத்தில் நாட்டின் மிகப்பெரிய நிறுவனமான இண்டிகோவுக்குப் பணிப்பட்டியலை நிரப்ப விமானிகள் போதவில்லை. டிசம்பர் 5-ஆம் நாள் ஒன்றில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணங்கள் ரத்தாயின. சென்னை நிலையத்திலும் பிரயாணிகள் மூட்டை முடிச்சுகளோடு தவித்தனர். அரசு அந்நிறுவனத்துக்கு இரவுப் பணி விதிகள் சிலவற்றில் 2026 பிப்ரவரி 10 வரை தளர்வு கொடுத்தது. ஏறக்குறைய இரண்டாண்டு முன்னறிவிப்பு இருந்தும் ஆள் சேர்க்காத குற்றத்துக்கு விமானியின் உறக்கத்தை ஈடு வைப்பது என்ன நியாயம் என்று விமானிகள் சங்கத்தார் கேட்டனர். தவித்து நின்ற பிரயாணிகளுள் பலர், விமானிகள் ஓய்வு கேட்டதால்தான் தமக்கு இந்தக் கதி என்று எண்ணியிருக்கக்கூடும். அவர்கள் ஏறவிருந்த விமானத்தை ஓட்டுபவர் முந்தின இரவு எங்கே, எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதை எந்தப் பயணச்சீட்டிலும் அச்சிடுவதில்லை.