தொகுதி எல்லையும் வாக்கின் மதிப்பும்

2021ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலின்போது சோழிங்கநல்லூர்த் தொகுதியில் 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தனர். சென்னைத் துறைமுகம் தொகுதியில் இருந்தவர்களோ 2 இலட்சத்திற்கும் குறைவு. எனினும், ஒவ்வொரு தொகுதியும் சட்டமன்றத்திற்கு அனுப்பியது ஓர் உறுப்பினரையே. ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் உரிமை இரு தொகுதியினருக்கும் உண்டு. ஆனால், அவ்வாக்கின் மதிப்பு சமமாக இல்லை. மக்கள் பெருகியும் இடம்பெயர்ந்தும் வாழ, தொகுதி எல்லைகள் மட்டும் மாறாது நிற்பதால் விளையும் வேறுபாடு இது. இதனைச் சீர்செய்யும் பணியே தொகுதி மறுவரையறை எனப்படுகிறது.

ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிற்குப் பின்னும் தொகுதிகளைச் சீரமைக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 82, 170 ஆகிய பிரிவுகள் கூறுகின்றன. இதற்காக 1952, 1962, 1972, 2002 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் இயற்றப்பட்டு, மறுவரையறை ஆணையங்கள் அமைக்கப்பட்டன. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உச்சநீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர் ஆணையத்தின் தலைவர் ஆவார். மக்கள் பிரதிநிதிகள் இணை உறுப்பினர்களாக அமர்ந்து கருத்துரைக்கலாம்; முடிவெடுக்கும்போது வாக்களிக்க இயலாது. தாம் போட்டியிடும் களத்தின் எல்லையைத் தாமே வரையும் வாய்ப்பு எவருக்கும் கிடைக்கலாகாது என்பதே இதன் நோக்கம்.

எல்லை வரையும் முறை எளிய கணக்கில் தொடங்குகிறது. மாநிலத்தின் மக்கள்தொகையைத் தொகுதிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி கிடைக்கும். ஒவ்வொரு தொகுதியும் இயன்றவரை அதற்கு நெருங்கியதாக அமைய வேண்டும். ஆயினும், கணக்கு மட்டும் போதாது. மலை, ஆறு போன்ற இயற்கை அமைப்புகள், நிருவாக எல்லைகள், போக்குவரத்து வசதி, மக்களின் வசதி ஆகியனவும் கருதப்படும். ஒரு சட்டமன்றத் தொகுதி முழுவதும் ஒரே மக்களவைத் தொகுதிக்குள் அடங்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்து ஒரு மக்களவைத் தொகுதி ஆகின்றன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்குரிய தனித்தொகுதிகளும் அவர்தம் மக்கள்தொகை விகிதம் கருதியே வரையறுக்கப்படுகின்றன. வரைவு வெளியிடப்பட்டபின் பொதுமக்களின் ஆட்சேபங்களும் கருத்துகளும் கேட்கப்படும். பொது அமர்வுகளும் நடைபெறும். அதன்பின் வெளிவரும் இறுதி ஆணை சட்டத்தின் வலிமை உடையது.

2008இல் நடைமுறைக்கு வந்த மறுவரையறையால் தமிழ்நாட்டு மக்களவைத் தொகுதிகளின் பட்டியலில் சிவகாசி, இராசிபுரம், பழனி ஆகிய பெயர்கள் மறைந்தன. விருதுநகர், நாமக்கல், திருப்பூர் ஆகியன இடம்பெற்றன. பெயர்களும் எல்லைகளும் மாறினும் 39 என்னும் எண்ணிக்கை மாறவில்லை. இதற்கு ஒரு வரலாறு உண்டு.

1962ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாநிலத்திற்கு 41 மக்களவை இடங்கள் இருந்தன. அடுத்த மறுவரையறையில் அவை 39 ஆகக் குறைந்தன. மக்கள்தொகை அடிப்படையில் மாநிலங்களுக்கு இடங்களைப் பகிர்ந்தளித்தால், குடும்பநலத் திட்டத்தை முனைந்து நிறைவேற்றும் மாநிலங்கள் இடங்களை இழக்க நேரும். ஆகவே, 1976இல் 42ஆவது அரசமைப்புத் திருத்தம் இடங்களின் எண்ணிக்கையை 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அளவில் நிறுத்திவைத்தது. 84ஆவது திருத்தம் அந்நிலையை 2026க்குப்பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. மாநிலத்திற்குள் எல்லைகளை மட்டும் 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாற்றியமைக்க 87ஆவது திருத்தம் வழிவகுத்தது.

இங்கு இரு நியாயங்கள் எதிரெதிரே நிற்கின்றன. மக்கள்தொகை மிகுந்த மாநிலத்தில் ஓர் உறுப்பினர் கூடுதலான மக்களுக்காகப் பேச வேண்டியுள்ளது. அங்கு வாழ்பவரின் வாக்கும் பிறர் வாக்கிற்கு நிகராக வேண்டும் என்பது ஒன்று. நாட்டின் கொள்கையை ஏற்று மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய மாநிலத்தின் குரல் அதனாலேயே தாழ்ந்துவிடக் கூடாது என்பது மற்றொன்று. முன்னது தனிமனிதரின் சமத்துவத்தையும் பின்னது மாநிலங்களின் சமநிலையையும் காக்க முனைகின்றது. இரண்டையும் மதிக்கும் தீர்வைக் காண்பதே மறுவரையறையின் கடினமான பணி. வரைபடத்தில் வரையப்படும் ஒரு கோடு, ஒரு குடிமகனின் குரல் அவையில் எவ்வளவு ஒலிக்கும் என்பதை முடிவு செய்கிறது.