வெப்பநிலையைத் தவறாகச் சொல்லும் உணர்வி

காலையில் ஒழுங்காகக் கிளம்பிய பெட்ரோல் கார், சூடேறிய பின் கரும்புகை கக்குகிறது. எரிபொருளையும் மிகுதியாகக் குடிக்கிறது. உடையவர் ஸ்பார்க் பிளக்கை மாற்றுகிறார்; பிறகு பெட்ரோல் பம்பையும் மாற்றுகிறார். பணம் போகிறது, புகை போகவில்லை. இத்தகைய கார்கள் சிலவற்றில் குற்றவாளி, சுண்டுவிரல் அளவேயுள்ள ஒரு வெப்ப உணர்விதான். பட்டறையில் அதனை ‘டெம்பரேச்சர் சென்சார்’ என்பர். என்ஜினைச் சுற்றியோடும் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலையைக் காரின் கணிப்பொறிக்கு அறிவிப்பது அதன் பணி.

மாணவர்களே, உலோகக் கம்பி சூடேறினால் மின்தடை கூடும் என்று படித்திருப்பீர்கள். இவ்வுணர்வியினுள் உள்ள தெர்மிஸ்டரிலோ தடை குறைகிறது. இவ்வியல்பை 1833-ஆம் ஆண்டிலேயே மைக்கேல் பாரடே வெள்ளி சல்பைடில் கண்டறிந்தார். பல கார்களில் 20 டிகிரி சென்டிகிரேடில் ஏறத்தாழ 2,500 ஓம் இருக்கும் தடை, 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். தடை மிகுந்தால் குளிர்ச்சி, குறைந்தால் சூடு என்று கணிப்பொறி கொள்கிறது. குளிர்ச்சி என்று கொண்டால் பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கிறது.

கம்பி அறுந்தால் ‘பி 0118’ என்றும், இரு கம்பிகள் தொட்டுக்கொண்டால் ‘பி 0117’ என்றும் கணிப்பொறி குறித்துக்கொள்ளும். பல கார்களில் அப்போது விசிறி ஓயாமல் சுழலும். இவற்றைக் கண்டுபிடிப்பது எளிது. நீர் 85 டிகிரியில் இருக்க, 40 என்று கூறும் உணர்விதான் தொல்லை. அது நம்பத்தக்க பொய்யாதலால் குறியீடு தோன்றாமலே போகலாம். வகுப்பில் தயங்காமல் விடை சொல்லும் மாணவனின் விடையையும் சரிபார்க்க வேண்டுமல்லவா?

இரவு முழுதும் நின்ற காரில், என்ஜினைக் கிளப்புமுன் ஸ்கேனர் கருவியை இணைத்துப் பாருங்கள். நீரின் வெப்பநிலையும், உட்புகும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாயிருக்க வேண்டும். கிளப்பிய பின் அளவு துள்ளாமல் சீராக ஏறி, பெரும்பாலான கார்களில் 90 டிகிரியை ஒட்டி நிற்கும். அறுபதிலேயே நின்றால் உணர்வியைப் பழிக்க அவசரப்படாதீர்கள். தெர்மாஸ்டாட் மூடாமல் சிக்கியிருந்தால் நீரே உண்மையில் சூடேறாது. தொடாமல் அளக்கும் வெப்பமானியால் உணர்விக்கு அருகே அளந்தால் எது மெய் என்பது விளங்கும்.

அடுத்து இணைப்பைக் கழற்றுங்கள். முனைகளில் பச்சைக் களிம்பு இருப்பின் அதுவே காரணமாகலாம். கழற்றியவுடன் ஸ்கேனர் மைனஸ் 40 அளவில் காட்டினால், கம்பி எங்கும் ஒன்றோடொன்று தொடவில்லை என்று பொருள். முடிவாக, என்ஜின் ஆறிய பிறகே—சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிடும்—உணர்வியைக் கழற்றி, வெப்பமானியுடன் வெந்நீரில் அமிழ்த்தி, ஓம் அளவைத் தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடுக.

புதியதைப் பொருத்தும்போது சிந்திய நீரை ஈடுசெய்து, சிக்கிய காற்றையும் வெளியேற்ற வேண்டும். காற்றுக்குமிழிக்குள் நிற்கும் உணர்வி, புதியதாயினும் நீரின் சூட்டை அறியாது.