உஷார்! பில்டர் போடும் சலுகைக் கணக்கு

ஃபிளாட் பார்க்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் செக்கில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். 'மத்திய அரசு மானியம் 2.67 லட்சம், வட்டிக்கு 3.5 லட்சம் வரை வரிவிலக்கு' என்று யாராவது கூட்டிக் காட்டினால் நம்பாதீர்கள். இரண்டுமே காலாவதியான சரக்கு. அந்த 2.67 லட்சம், பழைய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் வட்டி மானியம். நடுத்தர வருமானக்காரர்களுக்கு 2021 மார்ச்சோடு, மற்றவர்களுக்கு 2022 மார்ச்சோடு அது முடிந்துபோனது. 3.5 லட்சத்தில் 1.5 லட்சம், 80இஇஏ பிரிவில் வந்த கூடுதல் சலுகை. 2022 மார்ச் 31-க்குப் பிறகு சாங்ஷன் ஆன கடனுக்கு அது கிடையவே கிடையாது.

இப்போது நடப்பது 2024 செப்டம்பரில் தொடங்கிய நகர்ப்புறத் திட்டம் 2.0. இதில் அதிகபட்ச மானியம் 1.80 லட்சம். அதுவும் ஆண்டுக்கு 36,000 வீதம் ஐந்து தவணையாகக் கடன் கணக்கில் வரவு வைக்கப்படும், கையில் வராது. வீட்டின் விலை 35 லட்சத்தையும், கடன் 25 லட்சத்தையும் தாண்டக் கூடாது. கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் சேர்ந்ததுதான் குடும்பம். அவர்களுடைய மொத்த ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கணவருக்கு 6 லட்சம், மனைவிக்கு 4 லட்சம் என்றாலே கதை முடிந்தது. இவர்களில் ஒருவர் பெயரில் நாட்டின் எந்த மூலையில் கான்கிரீட் வீடு இருந்தாலும் மானியம் இல்லை. நகையை விற்றுக் கடனைச் சீக்கிரம் அடைத்தாலும் சிக்கல்தான். அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருந்தால்தான் அடுத்த தவணை மானியம் வரும்.

இனிதான் பெரிய ஓட்டை. மானியத்தையும் வரிச் சலுகையையும் சேர்த்து 'மொத்த லாபம்' காட்டுகிறார்களே, அந்த இரண்டையும் சேர்த்து அனுபவிப்பவர் யார்? 9 லட்சத்துக்குள் சம்பாதிப்பவருக்கு மானியம் கிடைக்கலாம். ஆனால் 2025-26 நிதியாண்டிலிருந்து, புதிய வரி முறையில் 12 லட்சம் வரை சம்பள வருமானத்துக்கு வரியே இல்லை. கட்டாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது?

சரி, அதற்கு மேல் சம்பாதிப்பவர்? குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குப் புதிய முறையில் கழிவு கிடையாது. பழைய முறைக்குப் போனால் வட்டிக்கு 2 லட்சம், அசலும் பிற சேமிப்புகளும் சேர்ந்து 1.5 லட்சம் கழிக்கலாம். ஆண்டுக்கு 15 லட்சம் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும், சம்பளத்துக்கான நிலையான கழிவையும் கழித்த பிறகு பழைய முறையில் வரி 1,48,200. நிலையான கழிவைத் தவிர வேறெதையும் கழிக்காமல் புதிய முறையில் 97,500. வேறு பெரிய கழிவு இல்லாதவர், வீட்டுக் கடனைக் காட்டுவதற்காகப் பழைய முறைக்குப் போனால் ஐம்பதாயிரம் கூடுதலாகக் கட்டுவார்!

பழைய முறையே லாபம் என்பவர்களும் கவனிக்க வேண்டும். '2 லட்சம் கழிவு' என்றால் வருமானத்தில்தான் கழிவு, வரியில் அல்ல. 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு மிச்சமாவது 41,600 தான். கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டடம் முடியாவிட்டால், அந்த 2 லட்சம் 30,000 ஆகச் சுருங்கிவிடும். பில்டர் இழுத்தடிப்பதற்குத் தண்டனை உங்களுக்கு.

பெண்கள் பெயரில் பதிந்தால் ஒரு சதவீதம் மிச்சம் என்பது உண்மைதான். 2025 ஏப்ரல் முதல் தமிழக அரசு பதிவுக் கட்டணத்தில் அதைக் குறைத்திருக்கிறது. ஆனால் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்கு மட்டும். சிற்றூரில் மனை வாங்குபவருக்கு உதவும். சென்னையில் அந்த விலைக்கு ஃபிளாட் எங்கே இருக்கிறது?

ஜிஎஸ்டி ஒரு சதவீதம்தான் என்பார்கள். சென்னையில் விலை 45 லட்சத்துக்குள், கார்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 645 சதுர அடிக்குள், இரண்டும் இருந்தால்தான் அந்த விகிதம். இல்லையென்றால் 5 சதவீதம். கட்டி முடித்து நிறைவுச் சான்றிதழ் வாங்கிய வீட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. அதற்கும் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சலுகையைப் பற்றி வாய் ஓயாமல் பேசுபவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், ஒரு சதவீத டிடிஎஸ் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது வாங்குபவர் பொறுப்பு. விட்டுவிட்டால் வட்டியும் தாமதக் கட்டணமும் கேட்டு நோட்டீஸ் வருவது விற்றவருக்கு இல்லை, உங்களுக்கு.