பியர் டின்னின் அளவைத் தீர்மானிப்பவர் யார்?

பிரித்தானிய நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக் 2021 ஒக்டோபரில் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில், மதுச்சாலைகளில் பீப்பாயிலிருந்து ஊற்றி விற்கப்படும் பியருக்கு வரிச்சலுகை வழங்கப்படும் என அறிவித்தார். பீப்பாய் 40 லீற்றருக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சிறு உற்பத்தியாளர்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். அவர்களில் பலர் பயன்படுத்துவது 20, 30 லீற்றர் பீப்பாய்களையே. சிறியவர்களுக்கு உதவவென வந்த சலுகை பெரியவர்களிடமே போய்ச் சேரும் நிலை தோன்றியது.

மது அருந்துவது நன்றா தீதா என்பது வேறு விடயம். அதனை முற்றாக விலக்கி வாழும் வாசகர்கள் எம்மிடையே மிகப் பலர் என்பதை நாம் அறிவோம். எனினும், தான் செய்யும் பண்டத்தை எந்த அளவில் அடைத்து விற்பது என்பதைக்கூட ஒரு சிறு உற்பத்தியாளரால் சுயமாகத் தீர்மானிக்க முடிவதில்லை என்பதற்கு, 'கிராஃப்ட் பியர்' எனப்படும் இச்சிறு தொழில் தெளிவான உதாரணமாக உள்ளது.

பிரித்தானியாவின் மரபுவழிப் பீப்பாய் பியர், திறந்து காற்றுப் பட்டதும் ஏறத்தாழ மூன்று நாட்களில் சுவை கெட்டுவிடும். ஆட்கள் குறைவாக வரும் கிராமத்து மதுச்சாலையில் பெரிய பீப்பாயைத் திறந்தால் பாதி வடிகானுக்குத்தான் போகும். சிறிய பீப்பாயைத் தெரிவு செய்வது பிடிவாதமன்று; அது வெறும் கணக்கு. எதிர்ப்பின் பயனாக நிபந்தனை 20 லீற்றராகக் குறைக்கப்பட்டு, 2023 ஆகஸ்ட் 1 ஆம் திகதி சலுகை நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்காவிலோ மாநிலச் சட்டங்களே அளவை வகுத்தன. அலபாமாவில் 473 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட பியர் போத்தலை விற்க 2012 வரை அனுமதியில்லை. புளோரிடாவில் வாடிக்கையாளர் கொண்டுவந்து நிரப்பிச் செல்லும் சாடி 0.95 லீற்றராக இருக்கலாம், 3.8 லீற்றராகவும் இருக்கலாம். ஆனால் இடைப்பட்ட 1.9 லீற்றர் சாடி 2015 வரை சட்டவிரோதமாக இருந்தது! இதற்கு நியாயம் கற்பிப்பது எளிதன்று.

சட்டம் விட்ட இடத்தில் செலவு பிடித்துக்கொள்கிறது. ஆரம்பத்தில் பல சிறு உற்பத்திச்சாலைகள் 650 மில்லிலீற்றர் போத்தலை நாடியமைக்குக் காரணம், கையால் நிரப்பி மூடுபவருக்குப் பெரிய போத்தலால் வேலை குறைவு என்பதே. பின்னர் டின் வந்தது. 117 லீற்றர் கொண்ட ஓர் அமெரிக்கப் பீப்பாய் அளவு பியரை 355 மில்லிலீற்றர் டின்களில் அடைக்க 330 டின்கள் வேண்டும். 473 மில்லிலீற்றர் டின்களானால் 248 போதும். டின்னும் மூடியும் நான்கில் ஒரு பங்கு மிச்சம். கடையில் சிறிய டின்கள் ஆறாகவும் பெரியவை நான்காகவும் கட்டி விற்கப்படுகின்றன. நான்கின் கட்டில் பியர் குறைவு. ஆயினும் அதன் விலை பெரும்பாலும் குறைவதில்லை. வாங்குபவர் எண்ணிப் பார்ப்பது அரிது.

இந்தச் சிறு இலாபமும் டின் தயாரிப்பவரின் தயவிலேயே தங்கியுள்ளது. போல் கோர்ப்பரேசன் என்ற பெரும் டின் உற்பத்தி நிறுவனம், ஒப்பந்தம் இல்லாத வாடிக்கையாளர்கள் அச்சிட்ட டின்களுக்கு வழங்கும் குறைந்தபட்சக் கட்டளையை ஒரு லொறிச் சுமையிலிருந்து ஐந்தாக உயர்த்துவதாக 2021 நவம்பரில் அறிவித்தது. ஒரு சுமை என்பது சுமார் இரண்டு இலட்சம் டின்கள். ஒரு தடவையில் பத்துப் பீப்பாய் மட்டும் காய்ச்சுபவருக்குத் தேவையானவை 2,480 பெரிய டின்களே. பத்து இலட்சம் டின்களை அவர் எங்கே வைப்பார்? எந்தப் பணத்தில் வாங்குவார்?

அமெரிக்கக் கடைகளில் வண்ண ஓவியங்களுடன் அடுக்கப்பட்டிருக்கும் சிறு உற்பத்தியாளர்களின் டின்களை நகத்தால் சுரண்டிப் பார்த்தால், அவற்றிற் பல அச்சிட்டவையல்ல என்பது தெரியவரும். இடைத்தரகரிடம் சில்லறையாக வாங்கிய வெற்று டின்மீது சுற்றிய ஒட்டுத்தாள்களே அவை.